குடுமி விடாத வருஷம்

மழை பெய்த பிறகுதான் அந்த மரங்கள் செத்தன. இதை யாரிடம் சொன்னாலும், வயசாகிவிட்டது, எதையோ மாற்றிச் சொல்கிறான் என்கிற மாதிரி என் முகத்தைப் பார்க்கிறார்கள். மூன்று வருஷம் காய்ந்து கிடந்த மலையில் சாகாமல் நின்ற மரம், ஐப்பசியில் ஓடை கரை புரண்டு ஓடிய பிறகு எதற்குச் சாக வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் எனக்குத் தெரிந்தபோது, அந்தப் பதிலால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லாமல் போயிருந்தது.

நான் அப்போது காட்டிலாகாவில் கார்டு. காக்கி அரைக்கால் சட்டை, மார்பில் குறுக்கே ஒரு தோல் பட்டை, அதில் பித்தளை வில்லை. செந்துறைப் பக்கத்துச் செம்மண்ணில், வானத்தைப் பார்த்துப் பார்த்தே கழுத்து வலித்த குடும்பம் எங்களுடையது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் சர்க்கார் கார்டுக்குக் கவலையில்லை என்று நினைத்துக்கொண்டு இந்த உத்தியோகத்துக்கு வந்தேன். அந்த நினைப்பை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் என் பீட்டு. பீட்டு என்றால் ஒரு கார்டின் பொறுப்பில் விட்ட காட்டுப் பகுதி. கீழே உசிலையும் காரையும் சூரையும் புதராக மண்டிக் கிடக்கும். அதைத் தாண்டினால் கிழக்குப் பார்த்த சரிவு முழுக்க ஆச்சா மரங்கள். கறுத்துச் சொரசொரத்த அடிமரம். சின்ன மாட்டுக் குளம்பு மாதிரி இரட்டை இரட்டையாக இலை. வெட்டப் போனால் கோடாலிதான் வாய் மழுங்கும். ஆனால் தழை அத்தனை ருசி போலிருக்கிறது. ஆச்சாத் தழையைக் கண்ட மாடு வைக்கோலைத் திரும்பிப் பார்க்காது.

அந்தச் சரிவுக்கு அடியில் இருந்த ஊரில்தான் என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தோம். அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டு, தலை வாரி, அடித்து, அழுதால் கூடவே உட்கார்ந்து அழுது வளர்த்தவள் அவள். நான் அந்தப் பீட்டுக்கு மாற்றலாகி வந்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க தம்பி கையிலதான் இந்த மலையே இருக்கு" என்று கிணற்றடியில் சொல்லிவிட்டு வருவாள். அதைக் கேட்டு நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன். இருபத்தைந்து வயதில் வேறு எப்படி நடப்பது.

காடு சர்க்காருடையது. ஆனால் அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் சரிவில் இன்ன மரம் என்று இருந்தது. எந்தக் காகிதத்திலும் கிடையாது. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது நிலத்தோடு மரத்தையும் பிரித்துக்கொள்வார்கள். கோடை வந்தால் அனுமதிச் சீட்டு வாங்கி, அவரவர் மரத்தில் மாட்டுக்குத் தழை கழிப்பார்கள். அடுத்தவன் மரத்தில் அரிவாளை வைத்தால் அன்றைக்கு மண்டை உடையும்.

கழிப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். பக்கக் கிளைகளில் உள்ளதையெல்லாம் கழித்துவிட்டு, உச்சியில் ஒரு கொத்தை மட்டும் தொடாமல் விடுவார்கள். அதற்குப் பெயர் குடுமி; அதைத் தொடக் கூடாது என்று அனுமதிச் சீட்டிலும் போட்டிருக்கும். வைகாசி ஆனியில் போய்ப் பார்த்தால், மழித்துக் குடுமி வைத்த தலைகளாகச் சரிவு முழுக்க மரங்கள் நிற்கும். முதல் வருஷம் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எதற்கு இந்தக் குடுமி என்று அக்கா வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"குடுமி வுடலன்னா மரம் கோவிச்சுக்கும் மாப்ள" என்றார் மாமா.

அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருடைய அப்பாவுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். எட்டாவது வரை படித்த நான், இதெல்லாம் ஊர்ச் சனங்களின் நம்பிக்கை என்று எண்ணிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். அந்தக் கோபத்துக்கு என்ன அர்த்தம் என்று இன்னும் கொஞ்சம் துருவிக் கேட்டிருக்கலாம்.

யுத்தம் முடிகிற சமயத்தில் மழை நின்றது. முதல் வருஷம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வருஷம் ஏமாற்றுவது எங்கள் பக்கத்து வானத்துக்குப் புதிதில்லை. ஊருக்கு முன்னால் காட்டுக்குத்தான் விஷயம் தெரிந்தது. மாசியில் உதிர்க்க வேண்டிய இலையை ஆச்சா மரங்கள் தையிலேயே உதிர்த்துவிட்டன. நான் ரோந்து போகும்போது காலுக்கடியில் சருகு நொறுங்குகிற சத்தம் அந்த வருஷம் ஒரு மாதம் முன்னதாகக் கேட்டது.

இரண்டாம் வருஷம் சித்திரையில் வந்த தளிர் பாதி அளவுதான் இருந்தது. மலையின் தோள்பட்டையில் நின்ற மரங்களுக்கு நுனிக் கிளைகள் காய்ந்து போயின. உசிலை சாம்பல் பூத்துப் போயிற்று. காரைப் புதர்களில் முள் மட்டும் இருந்தது. ஆனால் எதுவும் சாகவில்லை. நான் போகிற வழியெல்லாம் பேனாக்கத்தியால் பட்டையைக் கீறிப் பார்ப்பேன். மேல்தோல் கறுப்பு, அதற்கடியில் மெல்லிசாகப் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்தால் எனக்கு ஒரு திருப்தி. கஷ்டம் வந்தால் அடுப்பைக் குறைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிற வீடு மாதிரி, இலையைக் குறைத்துக்கொண்டு உள்ளே உயிரை வைத்துக்கொண்டிருக்கிறது மரம் என்று நினைத்துக்கொள்வேன். அது வரைக்கும் நான் நினைத்தது சரிதான்.

அந்த இரண்டு வருஷமும் ஊர்க்காரர்கள் தழை கழித்தார்கள். குடுமி விட்டுத்தான் கழித்தார்கள். மூன்றாம் வருஷமும் மழை இல்லை. தை மாதமே கிணறுகளில் வாளி மண்ணைத் தொட்டது. மாசியில் மாடுகள் போக ஆரம்பித்தன. அடிமாட்டுக்காக வருகிறவர்கள் பெரம்பலூரிலிருந்து வந்து ஓட்டிக்கொண்டு போனார்கள். மாட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, போகிற மாட்டைப் பார்க்காமல் ஆம்பளைகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு நின்றார்கள்.

அக்கா வீட்டில் ஒரு சோடி உழவு மாடு இருந்தது. ஒன்று மயிலை, ஒன்று செவலை. அவர்களுக்கு இருந்த வானவாரி நிலத்துக்கு அந்தச் சோடிதான் கை, கால் எல்லாம். மழை எப்போது வந்தாலும் வந்த மூன்றாம் நாள் உழ வேண்டும். ஊரில் அடுத்தவன் மாட்டை நம்பிக் காத்திருந்தால் ஈரம் போய்விடும். மாடு போனால் நிலம் போகும். நிலம் போனால் மாமா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக் கல் வெட்டப் போக வேண்டியதுதான். அப்படிப் போன நாலு குடும்பம் திரும்பி வரவில்லை. அதனால் அந்த வீட்டில் மனுஷர் சாப்பாட்டைப் பற்றிக்கூட அதிகம் பேச்சில்லை. எந்நேரமும் மயிலை, செவலை.

சித்திரை பிறந்து சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் இடி இடித்து ஒரு மழை விழுந்தது. ஒரு உழவுக்குக்கூடக் காணாத மழை. வாசலில் வைத்த குடம் பாதி நிறையவில்லை. ஊர் அண்ணாந்து பார்த்து ஏமாந்து உள்ளே போய்விட்டது. ஆனால் எட்டாம் நாளோ பத்தாம் நாளோ, காலையில் நான் சரிவைப் பார்த்தால், குடுமிகள் எல்லாம் செக்கச்செவேல் என்று இருந்தன. ஆச்சாத் தளிர் சிவப்பாகத்தான் வரும். வெட்டுப்பட்ட கிளைகளின் முண்டுகளிலிருந்தும் அங்கங்கே தளிர் எட்டிப் பார்த்தது. இரண்டு வருஷமாக அப்படி ஒரு நிறத்தை நான் அந்த மலையில் பார்க்கவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது. மலை பிழைத்துவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து உச்சி வெயிலில் அக்கா காட்டோரத்தில் நான் தங்கியிருந்த கொட்டகைக்கு வந்தாள். அவள் அங்கே வருகிறவள் இல்லை. தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"மயிலை படுத்துடுச்சு தம்பி" என்றாள். "காலையில நாலு பேரு வயித்துக்கடியில மூங்கி குடுத்துத் தூக்கி நிறுத்துனாங்க. மறுபடியும் படுத்துடுச்சு."

"வேற எதுவும் போடக் கெடைக்கலியாக்கா?"

"கூரையப் பாதி பிரிச்சுப் போட்டாச்சு. வூட்டுக்குள்ளயே வெயில் அடிக்குது. இன்னும் பிரிச்சா செவுரு மட்டுந்தான் நிக்கும்."

அவள் சரிவைப் பார்த்தாள். அவர்கள் வீட்டு மரம் ஓடைக்கு மேலே, ஒரு பெரிய பாறையை ஒட்டி நின்றது. அதன் குடுமி கொட்டகையிலிருந்து பார்த்தாலே தெரியும்.

"குடுமியில தழை வந்திருக்கு" என்றாள்.

"குடுமிய எடுக்கக் கூடாதேக்கா. ஒனக்குத் தெரியாததா."

"தெரியும். கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன். கூடாதுன்னா போயிட்டு வரேன்."

அவள் கெஞ்சியிருந்தால் நான் வில்லையைப் பிடித்துக்கொண்டு சட்டம் பேசியிருப்பேன். அழுதிருந்தாலும் எப்படியாவது சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன். அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். அந்தக் குதிகால்களில் இருந்த வெடிப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"இரு" என்றேன். அவளோடு பாறை வரைக்கும் போனேன். மரத்தைக் கத்தியால் கீறினேன். பச்சை இருந்தது. அவளுக்கும் காட்டினேன். எனக்கு அப்போது ஒரு நியாயமும் தோன்றியது. இந்த வெயிலில் எப்படியும் இந்தத் தளிரை மரமே உதிர்த்துவிடப் போகிறது. உதிர்ந்து சருகாகப் போவதை மாடு தின்றால் என்ன. கேட்டால் யாரும் மறுக்க முடியாத நியாயம்.

"எடுத்துக்கக்கா" என்றேன். "உசுரு அடியில இருக்கு. மறுபடியும் துளுத்துடும்."

"துளுக்குமா?"

"துளுத்துடும்க்கா."

அக்காவுக்கு மட்டும் திறந்துவிட்டு மற்றவர்களைத் தடுத்தால் அந்த ஊரில் நான் தலை காட்ட முடியாது. சாயங்காலமே எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டேன். மறுநாள் விடிந்ததும் ஊரே துரட்டியோடும் அரிவாளோடும் மேலே வந்துவிட்டது. யாரும் சத்தம் போடவில்லை. முதலில் மரமேறிய ஆள் குடுமிக்குக் கீழே போய் நின்றுகொண்டு என்னைப் பார்த்தான். நான் தலையை அசைத்தேன். மத்தியானத்துக்குள் சரிவில் சிவப்பு இல்லை. பெண்கள் தளிர்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார்கள். இரண்டு மூன்று பேர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நானும் ஏதோ பெரிய தர்மம் செய்துவிட்ட மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு மேலே ஒரு பாரஸ்டர் இருந்தார். அடுத்த வாரம் வந்து பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"உயிர் இருக்கா, கீறிப் பார்த்தியா?" என்று கேட்டார்.

"இருக்கு சார். எல்லாத்துலயும் பச்சை இருக்கு."

"நீ பார்த்துச் சொன்னா சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷர். என் வார்த்தையை நம்பினார்.

ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சரிவு வேறொரு கார்டின் பீட்டு. அவர் ஒரு கொத்துத் தழைகூட எடுக்க விடவில்லை. அந்தப் பக்கத்து ஊரில் அவரைத் திட்டாத வாய் இல்லை. மண்ணை வாரித் தூற்றினார்கள். ஒரு நாள் ஓடையில் பார்த்தபோது, பாவம், கொஞ்சம் விட்டுக் கொடுக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"எனக்கு மாடும் தெரியாது, மரமும் தெரியாது" என்றார். "குடுமிய எடுக்கக் கூடாதுன்னு இருக்கு. எடுக்க வுடல. அவ்வளவுதான்."

கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஊரில் வைகாசி முடிவதற்குள் உழவு மாடு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. எங்கள் பக்கத்தில் மயிலை எழுந்து நின்றது. முதல் நாள் தளிரை நாக்கால் தடவித் தடவிப் பார்த்துவிட்டுத் தின்றது. நாலாம் நாள் மூங்கில் இல்லாமல் எழுந்தது. செவலைக்குக் கண்ணில் தெளிவு வந்தது. ஊரில் பல வீட்டில் அப்படித்தான். அந்தத் தழைக்குப் பின்னால் ஆடியில் தூறல் விழுந்து அங்கங்கே புல் தலைகாட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு மாடுகள் கரையேறிவிட்டன.

மரங்கள் ஆடியில் மறுபடியும் துளிர்த்தன. நான் சொன்னபடி நடந்துவிட்டது என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். நகக்கண் அளவுக்கு இலைகள். நிறமும் சிவப்பில்லை, ஒரு மாதிரி வெளிறிய மஞ்சள். பதினைந்து நாள் இருந்தன. பிறகு காற்றில் போய்விட்டன. இன்னும் பெரிய மழை வரவில்லையே, வந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெரிய மழை ஐப்பசியில் வந்தது. நான்கு நாள் விடாமல் பெய்தது. ஓடையில் கல் உருளுகிற சத்தம் கொட்டகை வரைக்கும் கேட்டது. மாமா மழை விட்ட மூன்றாம் நாளே மயிலையையும் செவலையையும் பூட்டிவிட்டார். பக்கத்து ஊர் ஆட்கள் வந்து மாடு கேட்டு நின்றார்கள். அக்கா விதைப் பானையைக் கயிற்றிலிருந்து இறக்கினாள். அந்த மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் உப்புப் போட்ட தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்த நாள் உண்டு. அப்போதும் விதை வரகுப் பானையின் வாய்த்துணியை அவள் அவிழ்த்ததில்லை. ஒரு தடவை நானே, கொஞ்சம் எடுத்துக் குத்திக் கஞ்சி வையேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் பானைக் கயிற்றை இழுத்து இன்னும் ஒரு முழம் மேலே ஏற்றிக் கட்டினாள்.

கார்த்திகையில் பார்த்தால் சரிவே பச்சை. பெரம்பலூர் ரோட்டில் போகிறவர்கள்கூட மலை தழைத்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் பச்சை எல்லாம் முழங்காலுக்குக் கீழே. புல், கொடி, புதர். அதற்கு மேலே மரங்கள் அப்படியே நின்றன. ஒன்றிரண்டு மரங்கள் ஒரு கிளையில் கொஞ்சம் இலை விட்டுப் பார்த்துவிட்டு அதையும் உதிர்த்தன. காலுக்கடியில் தண்ணீர் கசிந்து ஓடுகிறது, மரம் குடிக்கவில்லை. வாய் வரைக்கும் கிண்ணத்தைக் கொண்டுபோயும் குடிக்கத் தெம்பில்லாத நோயாளியைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

மார்கழியில் நுனிக் கிளையைக் கீறினேன். பழுப்பு. தையில் நடுக்கிளை. பழுப்பு. மாசியில் நெஞ்சுயரத்தில் கீறினேன். மாதா மாதம் என் கத்தி கீழே இறங்கிக்கொண்டே வந்தது. பட்டையில் வண்டு துளைத்த ஓட்டைகள். மரத்தின் காலடியில் மாவு கொட்டினாற்போல் தூள். பட்டையைத் தொட்டால் கையோடு வந்தது. சித்திரை வந்தது. அந்த வருஷம் கோடை மழைகூட நன்றாகத்தான் பெய்தது. சரிவில் ஒரு சிவப்பு இல்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அங்கேயும் சில மரங்கள் போயிருந்தன. உச்சி காய்ந்தவை நிறைய. ஆனால் மற்றவை எல்லாம் சின்னச் சின்ன இலையாக, கொஞ்சம் கொஞ்சமாக, சீக்காளி எழுந்து உட்காருகிற மாதிரி துளிர்த்துக்கொண்டிருந்தன. அதே மலை, அதே வறட்சி, அதே ஆச்சா. அந்தக் கார்டு ஓடைக்கரையில் நின்று என் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது குத்திச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓடையைத் தாண்டாமலே திரும்பிப் போய்விட்டார்.

அன்றைக்கு அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். வரகு நன்றாக விளைந்திருந்தது. அக்கா சோற்றைப் போட்டுவிட்டு, அடுத்த வருஷத்துக்கு விதை வரகைப் பானையில் கொட்டிச் சாம்பல் கலந்து வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோடையில் அந்தச் சிறுமழைக்கு மரம் விட்ட தளிர் எங்கிருந்து வந்தது? மூன்று வருஷமாக மண்ணிலிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை. வேரிலும் தண்டிலும் ஒளித்து வைத்திருந்த கடைசிச் சேமிப்பை எடுத்துத்தான் அந்தத் தளிரை விட்டது. அந்தத் தளிர் நின்று வெயிலில் வேலை செய்தால்தான் இனிமேல் சாப்பாடு. வேர் மழைக்குத் தயாராக இருக்கும். அது மரத்தின் விதை வரகு. அதை நாங்கள் உருவிப் போட்டோம். மறுபடியும் ஆடியில் எங்கெங்கோ துழாவி நகக்கண் அளவுக்கு விட்டுப் பார்த்தது. அதோடு பானை காலி. மழை வந்தபோது வீட்டில் உழ ஆள் இல்லை.

நான் கீறிப் பார்த்தது உயிர் இருக்கிறதா என்பதைத்தான். இருந்தது. இன்னும் எவ்வளவு தாங்கும் என்பது அந்தப் பச்சையில் எழுதியிருக்கவில்லை. குடுமி விட்டவர்களுக்கும் காரணம் தெரியாது, ஆனால் விட்டார்கள். நான் காரணம் பேசினேன். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். "என்ன தம்பி, உப்பு இல்லியா?" என்றாள் அக்கா. உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டு முடித்தேன்.

செத்த மரத்தைச் சர்க்கார் நிற்க விடாது. கரிக்காரருக்கு ஏலம் போயிற்று. வெட்ட வேண்டிய மரத்துக்கு அடையாளம் போடுவது கார்டின் வேலை. ஒரு பக்கம் எழுத்து வெட்டிய சுத்தி ஒன்று கொடுப்பார்கள். அரிவாளால் பட்டையைச் சீவிவிட்டு, சுத்தியால் ஓங்கி ஒரு அடி அடித்தால் எழுத்து மரத்தில் பதியும். அந்தச் சரிவில் மரம் மரமாகப் போய் நானே அடித்தேன். ஒவ்வொன்றும் யார் வீட்டு மரம் என்று எனக்குத் தெரியும். ஆச்சா காய்ந்தாலும் இரும்பு. ஒவ்வொரு அடியும் முழங்கை வரைக்கும் வந்தது. வரட்டும் என்றிருந்தது.

வெட்டிய கட்டையைக் கரி மூட்டம் போடுகிற இடத்துக்கு இறக்க வண்டி வேண்டியிருந்தது. அந்த அடிவாரத்தில் தெம்போடு நின்ற மாடுகள் எங்கள் ஊர் மாடுகள்தான். மாமா மயிலையையும் செவலையையும் பூட்டிக்கொண்டு வந்தார். இரண்டும் நல்ல சதை பிடித்திருந்தன. தடத்தில் பாரம் இழுத்துக்கொண்டு இறங்கும்போது அவற்றின் கழுத்து மினுமினுத்தது. கரி அரியலூர் ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து எங்கேயோ ரயிலேறியது. நான் தடத்தோரம் நின்று ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தேன். வேறு வேலை இருந்தது, போகத் தோன்றவில்லை.

அக்கா வீட்டு மரத்தைக் கடைசியில்தான் வெட்டினார்கள். நான்தான் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தேன். மரம் விழுந்து, கட்டையை உருட்டிவிட்டு ஆட்கள் போன பிறகு, அடிக்கட்டையைச் சுற்றி வந்தேன். பாறைப் பக்கம், மண்ணோடு மண்ணாக, ஒரு வெடிப்பிலிருந்து மூன்று தளிர் எழும்பியிருந்தது. விரல் நீளம். செக்கச்செவேல் என்று. மாசியில் நான் நெஞ்சுயரத்தில் கீறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டேன். குனிந்து காலடியைப் பார்க்கவே இல்லை. தண்டு செத்திருந்தாலும் வேர் எங்கேயோ ஒரு பிடியை வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்தச் சரிவு முழுவதிலும் அப்படி நான் பார்த்தது அந்த ஒன்றுதான்.

இதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று நினைத்தேன். சுற்றி முள் வைத்து அடைத்துவிட்டால் ஆடு மாடு தொடாது. இரண்டு வருஷத்தில் எட்டாத உயரம் போய்விடும். அரிவாளை எடுத்துக்கொண்டு காரை முள் வெட்ட ஓடைப் பக்கம் இறங்கினேன். வெகுதூரமில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

முள்ளைத் தோளில் சுமந்துகொண்டு திரும்பி வந்தபோது மாமாவின் வண்டி பாறைக்கருகில் அவிழ்த்துவிட்டிருந்தது. அவர் நிழலில் படுத்திருந்தார். அக்கா அவருக்குக் கஞ்சி கொண்டு வந்திருந்தாள். மயிலை அடிக்கட்டையில் முகத்தை வைத்து நின்றது. அதன் வாய் அசைந்துகொண்டிருந்தது. நான் ஓடவில்லை. ஓடி என்ன.

அக்கா என் தோளில் இருந்த முள்ளைப் பார்த்தாள். பிறகு மாட்டைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. மயிலையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மெதுவாக இந்தப் பக்கம் இழுத்தாள். அடிக்கட்டையில் மூன்று ஈரமான முண்டு மட்டும் இருந்தது.

"பசியில்ல தம்பி அதுக்கு" என்றாள். "காலையிலகூட வைக்கோல் போட்டேன். பழகிடுச்சு."

நான் முள்ளைக் கீழே போட்டேன்.

"மறுபடியும் துளுக்குமா?" என்று கேட்டாள்.

"துளுத்துடும்க்கா" என்றேன். போன வருஷம் சித்திரையிலும் அதே இடத்தில் நின்று அதே வார்த்தையைத்தான் சொன்னேன். அப்போது எனக்குத் தெரியாமல் சொன்னேன்.